அரிப்புக் கரையில் ஒரு துரை பங்களா

(மடத்துவெளியில் நடந்த தோட்டத் தொழிலாளர் குடும்பச் சந்திப்பில் நம் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நயினை அம்மனைப் பார்க்க வந்த எங்களுக்கு இன்று இரவு படுக்க இடமும் சோறும் கொடுத்த மடத்துவெளி மக்களுக்கு முதலில் நன்றி. உங்கள் ஊரின் பெயரிலேயே மடம் இருக்கிறது. நடந்து வருகிறவனுக்குத் திண்ணையும் தண்ணீரும் கொடுப்பதுதான் மடம். இந்தச் சொல்லைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

மன்னார் வழியாக வரும்போது பஸ்ஸை அரிப்பில் நிறுத்தி, கடற்கரையில் நிற்கும் சில இடிந்த சுவர்களைப் பார்த்தோம். "இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் சுற்றினோம்?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. கூரை இல்லை, கதவு இல்லை. செங்கல் தெரியும் தூண்கள் சில, சுவர்கள் சில, கீழே கடல். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இன்றைய பேச்சு.

அந்தப் பக்கத்து மக்கள் அதை அல்லிராணிக் கோட்டை என்கிறார்கள். அல்லி அரசாணி கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். ஆண்களுக்கு அடங்காமல் தனியாக அரசாண்டவள், அருச்சுனனையே அலைக்கழித்தவள். தெற்கே இருக்கும் குதிரைமலையில் அவள் இருந்தாள், இந்தக் கடல் முத்தெல்லாம் அவளுடையது என்பது மன்னார்க் கரையின் நம்பிக்கை. கதை அழகானது. ஆனால் அந்தக் கட்டடத்தைக் கட்டியவர் அல்லி இல்லை. இலங்கைக்கு வந்த முதலாவது பிரித்தானிய ஆளுநர் பிரெடெரிக் நோர்த் என்ற துரை கட்டியது அது. 1801இல் தொடங்கி 1804இல் முடிந்தது. ஆங்கிலேயர் அதற்கு வைத்த பெயர் டொரிக்.

மக்கள் ஏன் ஆளுநரின் பெயரை விட்டுவிட்டு அல்லியின் பெயரை வைத்தார்கள் என்று நாங்கள் யோசித்துப் பார்த்தோம். வெள்ளைக்காரன் போய்விட்டான், கடலும் முத்தும் கதையும் இருந்தன. உரிமையை அவளுக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எங்களுக்கு அது பிடித்திருக்கிறது.

நோர்த் யார்? 1770இலிருந்து 1782 வரை பிரித்தானியப் பிரதமராக இருந்த நோர்த் பிரபுவின் மகன். தகப்பன் காலத்தில்தான் அமெரிக்கா பிரித்தானியாவின் கையை விட்டுப் போனது. மகன் 1798இல் இங்கே ஆளுநராக வந்து 1805 வரை இருந்தார். கண்டி மீது 1803இல் படை அனுப்பி, அங்கே விட்ட படையைப் பறிகொடுத்ததும் இவர் காலத்தில்தான். இந்த மனிதருக்குக் கிரேக்க தேசத்தின் மேல் தீராத பித்து. இலங்கைக்கு வருவதற்கு முன்பே, 1791இல், கிரேக்கர்களின் பழைய கிறிஸ்தவ சபையில் சேர்ந்துவிட்டார். பின்னாளில் கோர்பு தீவில் 1824இல் ஒரு உயர்கல்விக்கூடத்தையும் நிறுவினார். அப்படிப்பட்டவர் வெயில் காயும் மன்னார்க் கரையில் வீடு கட்டினால் எப்படிக் கட்டுவார்? கிரேக்கக் கோயில் போலத்தான் கட்டுவார். வரைபடமும் அவரே போட்டதாகச் சொல்லப்படுகிறது.

டொரிக் என்பது தூணின் வகை. கிரேக்கக் கட்டடக் கலையில் மூன்று வகைத் தூண்கள் பெயர்பெற்றவை. ஒன்றின் தலையில் ஆட்டுக்கொம்பு போலச் சுருள் இருக்கும், இன்னொன்றில் இலைக் கொத்து இருக்கும். டொரிக்கில் இந்த வேலைப்பாடு ஒன்றும் கிடையாது. தடித்த தூண், மேலே ஒரு தட்டு, அவ்வளவுதான். மூன்றிலும் எளிமையானது, பார்வைக்குக் கம்பீரமானது. 1714இலிருந்து 1830 வரை பிரித்தானியாவை ஜோர்ஜ் என்ற பெயருடைய நான்கு அரசர்கள் ஒருவர் பின் ஒருவராக ஆண்டார்கள். அந்தக் காலத்துக் கட்டட முறைக்கு ஜோர்ஜியன் என்று பெயர். வாசலை நடுவில் வைத்து இடமும் வலமும் ஒரே அளவில் ஜன்னல் வைப்பது, முன்னால் தூண் நிறுத்துவது, எல்லாவற்றையும் அளந்து ஒழுங்காகச் செய்வது: இதுதான் அதன் இலட்சணம். அங்கே பணக்காரர்கள் பட்டணத்தை விட்டு விலகி, தங்கள் காணிக்கு நடுவே இப்படிப் பெரிய வீடுகள் கட்டிக்கொண்டார்கள். அரிப்பு வீடு அந்த இனத்தைச் சேர்ந்தது, சிறிய அளவில்.

உண்மையில் அது பெரிய மாளிகை இல்லை. இரண்டு தட்டு, அறைகளும் சில மட்டும்தான். ஆனால் அந்தக் காலத்தில் கொழும்புப் படைக்குப் பாதிரியாராக இருந்து, 1807இல் இலங்கையைப் பற்றிப் புத்தகம் வெளியிட்ட ஜேம்ஸ் கோர்டினர், தீவிலேயே அழகான கட்டடம் இதுதான் என்ற கருத்தை எழுதி வைத்திருக்கிறார். அவரை மயக்கியது சுவரின் பூச்சு. முத்துச்சிப்பியைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு அது. செங்கல்லின் மேல் அதைப் பூசி, தேய்த்துத் தேய்த்து மினுக்கி, வெள்ளைச் சலவைக்கல் போல ஆக்கியிருந்தார்கள்.

இந்த வேலை தீவகத்து ஆட்களுக்குப் புதிது இல்லை. நெடுந்தீவுக்குப் போனால் பவளக்கல் அடுக்கிய வேலியை இன்றும் பார்க்கலாம். இங்கே புங்குடுதீவின் பழைய வீடுகளிலும் கல்லும் சுண்ணாம்பும்தான். சிப்பியையோ முருகைக்கல்லையோ சூளையில் சுடுவது, தண்ணீர் விட்டு நீற்றுவது, புளிக்க வைப்பது, அரைப்பது, பூசுவது, ஈரம் காய்வதற்குள் வழவழப்பான கல்லால் மணிக்கணக்காகத் தேய்ப்பது. கை ஓய்ந்தால் பூச்சு வெடிக்கும். ஆளுநர் கிரேக்கத் தூணை மனதில் கண்டிருக்கலாம், அதற்குப் பளிங்கு நிறம் கொடுத்தது இந்தக் கரையின் சிப்பியும் கொத்தர்களின் தோளும்தான். நோர்த்தின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. கொத்தர்களின் பெயரைத் தேடாதீர்கள், கிடைக்காது.

ஏன் அந்த இடத்தில் வீடு? கடலைப் பார்க்கத்தான். எதிரே கடலுக்கடியில் முத்துச்சிப்பிப் பார்கள் இருந்தன. முத்துக்குளிப்புக்குச் சலாபம் என்று பழைய பெயர். அந்த வீட்டுக்குப் பக்கத்து ஊரான சிலாவத்துறையின் பெயரில் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சலாபம் நடக்கும் மாதங்களில் அந்த வெறுங்கரையில் ஆயிரக்கணக்கான ஆட்கள் கூடிவிடுவார்கள். தூத்துக்குடி, கீழக்கரை, இராமேசுவரம் பக்கத்திலிருந்து பரதவரும் முஸ்லிம்களும் வருவார்கள். அரபுக்காரர்களும் வருவார்கள். நள்ளிரவில் கரைக்காற்று பிடித்துப் படகுகள் போகும். விடிந்ததும் குளிப்பாளி ஒரு கல்லில் காலை வைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்குவான். ஏறக்குறைய ஒரு நிமிடம் மூச்சு. அதற்குள் கையில் அகப்பட்ட சிப்பியைக் கூடைக்குள் போட்டுக் கயிற்றை இழுத்தால் மேலே இருப்பவன் தூக்குவான். சுறாவுக்கு வாய் கட்ட மந்திரம் சொல்லும் கடல்கட்டி இல்லாமல் குளிப்பாளிகள் கடலில் இறங்க மாட்டார்கள். அரசாங்கமே கடல்கட்டிக்குப் படி கொடுத்து வைத்திருந்தது. மந்திரத்தை நம்பியா? இல்லை, கடல்கட்டி இல்லாவிட்டால் வேலை நின்றுவிடும் என்பதால். இதை வேலைநிறுத்தம் என்று யாரும் எழுதவில்லை, ஆனால் நமக்குப் புரிகிறது.

வருமானத்தைக் கேளுங்கள். 1804ஆம் ஆண்டுச் சலாபத்தை நோர்த்தின் அரசாங்கம் 1,20,000 பவுணுக்குக் குத்தகைக்கு விட்டது. நூறு ஆண்டு கழித்து 1905இல் தெற்கே மறிச்சுக்கட்டியில் நடந்த குளிப்பில் எட்டுக் கோடிக்கு மேல் சிப்பி எடுத்தார்கள், அரசாங்கத்துக்குச் சுமார் 25 இலட்சம் ரூபா வந்தது. அந்தக் காலத்தில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு குளிப்பாளிக்கு. அடுத்த ஆண்டு, வருடம் 3,10,000 ரூபா வாடகைக்கு, 20 ஆண்டுக்கு ஒரு இலண்டன் கம்பனிக்குப் பார்களைக் கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் சிப்பியும் போயிற்று, கம்பனியும் போயிற்று. 1925க்குப் பிறகு பெரிய சலாபம் என்று ஒன்று இல்லை. தோட்டத்தில் கோப்பி பட்டதையும் கம்பனி கைமாறியதையும் அறிந்தவர்களுக்கு இந்தக் கதையில் புதிதாக ஒன்றும் இல்லை.

இப்போது கடலைத் தாண்டி ஒரு நிமிடம் பிரித்தானியாவுக்குப் போய் வருவோம். அங்கே யோர்க்சயரில் ஹெயர்வுட் என்று ஒரு மாளிகை இருக்கிறது. 1759இல் தொடங்கி 1771இல் முடித்தார்கள். ஜோர்ஜியன் வீடுகளில் பெயர்பெற்றது, சட்டப்படி உச்சப் பாதுகாப்பில் இருப்பது. கட்டிய லசெல்ஸ் குடும்பத்தின் பணம் மேற்கிந்தியத் தீவுகளின் சீனியில் வந்தது. சீனித் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் ஆபிரிக்காவிலிருந்து பிடித்து வந்து விற்கப்பட்ட அடிமைகள். 1833இல் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டபோது பிரித்தானிய அரசு இரண்டு கோடி பவுண் நட்டஈடு ஒதுக்கியது. யாருக்கு? அடிமைகளுக்கு ஒரு சதமும் இல்லை. உடைமையை இழந்தோம் என்று சொன்ன சொந்தக்காரர்களுக்கு! ஹெயர்வுட் பிரபுவின் பங்கு மட்டும் 26,000 பவுணுக்கு மேல். அடிமைகள் போன பிறகு தோட்டங்களுக்குக் கை வேண்டும் அல்லவா? மொரீசியசுக்கும் கயானாவுக்கும் பீஜிக்கும் நம் ஊர்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் போன கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. இலங்கைக்கு ஒப்பந்தத்துக்குப் பதில் கங்காணி வந்தான்.

வேல்ஸ் நாட்டில் பென்ரின் என்று இன்னொரு கோட்டை வீடு. தூண் வைத்த ஜோர்ஜியன் அழகு அதில் இல்லை, பழங்காலக் கோட்டை போலக் கட்டியிருக்கிறார்கள். அதற்கும் ஜமேக்காச் சீனிப் பணம், கூடவே பக்கத்துக் கற்சுரங்கப் பணம். அந்தச் சுரங்கத் தொழிலாளர்கள் 1900 நவம்பரில் வேலையை நிறுத்தி 1903 வரை மூன்று ஆண்டு நின்றார்கள். தங்கள் வீட்டில் கருங்காலி இல்லை என்று ஜன்னல்களில் அட்டை எழுதி வைத்திருந்தார்கள். இன்று அந்தக் கோட்டையைப் பார்க்க வருகிறவர்களுக்கு வேலைநிறுத்தக் கதையும் சேர்த்தே சொல்லப்படுகிறது. பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் தேசிய அறக்கட்டளை, தன்னிடமுள்ள 93 இடங்களுக்கு அடிமை முறையோடும் காலனி ஆட்சியோடும் உள்ள தொடர்பை எழுதி 2020இல் அறிக்கை வெளியிட்டது. அதற்கு எதிர்ப்பும் வந்தது. ஆனால் எழுதினார்கள்.

மாளிகையை இடித்துத் தள்ளு என்று நாங்கள் சொல்லவில்லை. கொத்தனின் வேலை அது, அதை ஏன் இடிக்க வேண்டும்? யாருடைய உழைப்பில் நின்றது என்று வாசலில் எழுது என்கிறோம்.

திரும்பி மன்னார்க் கரைக்கு வருவோம். டொரிக் முடிந்து இருபது வருடத்துக்குள் மலையில் கோப்பி தொடங்கிவிட்டது. இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து பஞ்சத்துக்குத் தப்பி வந்த நம் பாட்டன் பாட்டிமார் தோணியில் ஏறி, தலைமன்னாரிலும் அதை அடுத்த கரைகளிலும் இறங்கினார்கள். அங்கிருந்து நடை. மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை என்று காட்டுக்குள் நடந்து மாத்தளை. காலரா, காய்ச்சல், தண்ணீர் இல்லாமை. எத்தனை பேர் வழியில் விழுந்தார்கள் என்ற எண்ணிக்கையில் இன்றும் வாதம் இருக்கிறது, ஏனென்றால் ஆளை எண்ணி இறக்கியவர்கள் பிணத்தை எண்ணவில்லை. 1899இல் பிளேக் பயத்தில் அந்த வடபாதையை மூடி, தூத்துக்குடி வழியாகக் கொழும்புக்கு ஆட்களை எடுத்தார்கள். அதுவரை நம்மில் பெரும்பாலானோரின் குடும்பம் வந்த வழி மன்னார் வழிதான்.

மடம் என்ற சொல்லை ஞாபகத்தில் வைக்கச் சொன்னோம். ஆளுநர் சில மாதம் வந்து தங்கிப் போவதற்கு இரண்டு தட்டில் பளிங்குப் பூச்சு வீடு. அதே மாவட்டத்து மண்ணில் இறங்கி, கைக்குழந்தையோடு நூற்றைம்பது மைல் நடந்தவர்களுக்கு நெடுங்காலம் ஒரு நல்ல மடம்கூடக் கட்டவில்லை. ஓலைக் கொட்டகைகள் பிறகுதான் வந்தன.

இன்னொன்றையும் கவனியுங்கள். டொரிக் கரையின் மேட்டில் நிற்கிறது, கீழே வேலைத்தலம். நம் தோட்டத்தில் துரை பங்களா எங்கே இருக்கிறது? மேட்டில். இஸ்தோப்பில் தூண், முன்னால் புல்தரை, அங்கே நின்றால் தொழிற்சாலையும் பிரட்டுக்களமும் மலையும் தெரியும். லயம் பள்ளத்தில், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, முதுகோடு முதுகு ஒட்டி. மேட்டில் இருப்பவருக்கு நம்மைத் தெரியும். நமக்கு அவர் வீட்டு விளக்கு தெரியும். அழகுக்காக மட்டும் இந்த இடங்களைத் தெரிவு செய்யவில்லை. அந்தப் பங்களாக்களில் சில இன்று வெள்ளை வர்ணம் பூசி, வெளிநாட்டார் டொலர் கொடுத்துத் தங்கும் விடுதிகளாகிவிட்டன. நாம் அதே காம்பராவின் கூரைத் தகரத்துக்கு மனுப் போட்டுக்கொண்டிருக்கிறோம். ஏழு பேர்ச் காணிக்கு உறுதிப்பத்திரம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் ஒரு தேதியைக் குறித்து வைத்திருக்கிறது: 1815 மார்ச் 2. கண்டி உடன்படிக்கை நடந்த நாள். அதற்கு முந்தியது தொல்பொருள், பிந்தியது பொதுவாக இல்லை. அதன்படி 1804இல் முடிந்த ஆளுநர் வீடு தொல்பொருள். அது தொல்பொருள் திணைக்களத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. மலையகத் தோட்டத்தின் வரலாறோ 1820களில் தொடங்குகிறது. சில வருட வித்தியாசத்தில் நம்முடைய முழுக் கதையும் கோட்டுக்கு வெளியே விழுந்துவிட்டது. முதல் லயம், முதல் பிரட்டுக்களம், நடந்த பாதை, புதைத்த இடம் எதுவும் தானாக உள்ளே வராது. பிந்திய காலத்துச் சின்னத்தையும் வர்த்தமானியில் அறிவித்துச் சேர்க்க வழி உண்டு. ஆனால் அதை யாராவது கேட்க வேண்டும், ஆதாரத்தோடு கேட்க வேண்டும்.

பாதுகாப்பில் இருப்பதாலும் ஒன்றும் நடந்துவிடவில்லை என்பதை அரிப்பில் கண்ணால் பார்த்தோம். கடல் கரையைத் தின்கிறது. கட்டடத்தின் ஒரு பகுதி ஏற்கெனவே கீழே போய்விட்டது. பூச்சு உதிர்ந்து செங்கல் உப்பில் கரைகிறது. பலகை நட்டால் அலை நிற்காது. கரைக்குக் கல்லணை போடாமல் சுவரைப் பாதுகாத்தோம் என்று சொல்வது, கூரை ஒழுகும் லயத்துக்குச் சுவரில் வெள்ளையடிப்பது போல. நாங்கள் ஆளுநர் வீட்டுக்கும் கல்லணை கேட்கிறோம். அது விழுந்தால் சிப்பிச் சுண்ணாம்பு பூசியவனின் கைவேலையும் சேர்ந்துதான் விழும். நம்முடைய ஆட்கள் இறங்கிய கரைக்கு அடையாளமாக நிற்கும் பழைய சுவரும் ஒன்று குறையும்.

மடத்துவெளி மக்களுக்கும் இது தெரியாத சங்கதி இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தீவை விட்டு ஓட வேண்டி வந்தது. இன்று தெருவில் நடந்தால் இரண்டு பக்கமும் கூரை போன நாற்சார் வீடுகள், முற்றத்தில் ஆலங்கன்று. உங்கள் பெரியவர்கள் கொழும்பிலும் தெற்கிலும் கடை வைத்து, மிச்சம் பிடித்துக் கட்டிய வீடுகள் அவை. அவற்றின் கதையையும் யாரும் வர்த்தமானியில் போடப்போவதில்லை. நமக்கும் உங்களுக்கும் நடுவில் பழைய மனக்கசப்புகள் உண்டு, கல்லாவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றவர்கள் நாம். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் 58இலும் 77இலும் 83இலும் அடிபட்டு வன்னிக்கு வந்த தோட்டத்துக் குடும்பங்களும், இங்கிருந்து வன்னிக்கு ஓடிய தீவகத்துக் குடும்பங்களும் ஒரே குளத்தில் தண்ணீர் மொண்டதும் உண்டு.

2023இல், மலையக மக்கள் வந்து 200 ஆண்டு என்று, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். ஜூலை 28இல் புறப்பட்டு ஓகஸ்ட் 12இல் போய்ச் சேர்ந்தார்கள். வழி நெடுகத் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் தண்ணீரும் சோறும் கொடுத்தார்கள். பாட்டன்மாருக்குக் கிடைக்காத மடம் பேரப்பிள்ளைகளுக்குக் கிடைத்தது. அந்த நடையில்தான் பலர் முதல்முறையாகத் தங்கள் வீட்டுக் கிழவிகளிடம், "நாம் எந்தக் கரையில் இறங்கினோம்?" என்று கேட்டார்கள்.

அதையே இன்று உங்களிடம் கேட்கிறோம். வீட்டில் மூத்தவர் இருந்தால், எந்த ஊரிலிருந்து, எந்தத் துறையில் ஏறி, எங்கே இறங்கி, எந்த வழியாக நடந்ததாக அவர்கள் கேள்விப்பட்டார்கள் என்று ஒரு கொப்பித் தாளில் எழுதித் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். பெயர் தெரிந்தால் பெயர், பாட்டு தெரிந்தால் பாட்டு. வழியில் இறந்தவர் உண்டென்றால் அதையும் எழுதுங்கள். உங்கள் தோட்டத்தில் இருப்பதிலேயே பழைய லயம் எது, சுவரில் ஆண்டு எழுதியிருக்கிறதா, பழைய பிரட்டுக்களம் எங்கே இருந்தது என்று இளைஞர்கள் பார்த்துக் குறித்து, போனில் படமும் எடுத்து அனுப்புங்கள். அரிப்புக் கட்டடத்துக்குக் கல்லணை கேட்டும், அதன் பக்கத்தில் குளிப்பாளிகளையும் கொத்தர்களையும் கரையிறங்கி நடந்தவர்களையும் பற்றி மூன்று மொழியிலும் பலகை வைக்கக் கேட்டும், தொல்பொருள் திணைக்களத்துக்குப் போகும் மனு இதோ மேசையில் இருக்கிறது. மடத்துவெளிக்காரரும் கையெழுத்துப் போடலாம். எழுதத் தெரியாத அம்மாமார் பெருவிரல் வைத்தால் போதும், மை டப்பா இருக்கிறது.